ஓவாஹுவில் பாலினீசியாவோடு ஒரு நாள்: முதன்முறை போகும் தம்பதியருக்கு

ஹவாய்க்கு வரும் தம்பதியர் பலர் வைக்கீக்கி கடற்கரை, பேர்ல் துறைமுகம், டயமண்ட் ஹெட் மலையேற்றம் என்று நாள்களை நிரப்பிவிடுகிறார்கள். கடைசி மாலையில் ஹோட்டல் புல்வெளியில் அரைமணி நேரம் ஹூலா நடனம் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். ஒரு முழு நாளை ஒதுக்க முடிந்தால், ஓவாஹு தீவின் வடகிழக்குக் கரையில் இருக்கும் லாயியே என்ற சிற்றூருக்குப் போய்வாருங்கள். ஹவாய் முதல் நியூசிலாந்து வரை பசிபிக் பெருங்கடலில் பரந்து கிடக்கும் பாலினீசியத் தீவுகளின் வாழ்க்கையைக் காட்டும் பாலினீசியப் பண்பாட்டு மையம் அங்கே 42 ஏக்கரில் இருக்கிறது. நடுவே வெட்டப்பட்ட ஒரு காயல். அதன் கரைகளில் ஹவாய், சமோவா, டோங்கா, டஹிட்டி, ஃபிஜி, நியூசிலாந்து மாவோரிகளின் அவ்தேயரோவா என ஆறு மாதிரி ஊர்கள். ராப்பா நூயி எனப்படும் ஈஸ்டர் தீவுக்கும் ஒரு பகுதி உண்டு.

போகும் முன் இடத்தின் பின்னணியைத் தெரிந்துகொள்வது நல்லது. இது அரசு அருங்காட்சியகம் அல்ல. மார்மன் சபை என்று பரவலாக அறியப்படும் கிறிஸ்தவத் திருச்சபை நடத்தும் நிறுவனம். 1940இல் லாயியேயின் தேவாலயம் தீப்பிடித்து எரிந்துபோனது. அதை மீண்டும் எழுப்பப் பணம் திரட்ட, 1948இல் ஊர்மக்கள் கடலில் கூட்டாக வலை இழுத்து, விருந்து வைத்து, ஆடிப் பாடிக் காட்டத் தொடங்கினார்கள். ஹூக்கிலாவ் என்ற அந்தக் கூட்டு மீன்பிடிப்புக்குக் கிடைத்த வரவேற்பே மையத்துக்கு வித்து. 1963 அக்டோபர் 12 அன்று மையம் திறக்கப்பட்டது. அடுத்தே இருக்கும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஹவாய்க் கிளையில் படிக்கும் மாணவர்கள்தான் இங்கே ஆடுகிறார்கள், துடுப்புப் போடுகிறார்கள், தேங்காய் உடைக்கிறார்கள். படிப்புச் செலவின் ஒரு பகுதி இந்த வேலையிலிருந்து வருகிறது.

இந்த ஒரு செய்தி நாள் முழுவதையும் மாற்றிவிடும் என்பது என் எண்ணம். மேடையில் இடுப்பில் லாவலாவா என்ற துணியைச் சுற்றி நிற்கும் பையன் பெரும்பாலும் சமோவாவின் தலைநகர் ஆப்பியாவிலிருந்தோ டோங்காவின் தலைநகர் நுக்குவலோஃபாவிலிருந்தோ படிக்க வந்தவன். நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டம் அடுத்த ஊருக்கு ஓடும். நீங்கள் ஐந்து நிமிடம் நின்று, “உங்கள் ஊர் எது? வீட்டில் யார் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்?” என்று கேட்டுப்பாருங்கள். மேடையில் சொல்ல நேரமில்லாத கதைகள் அப்போதுதான் வரும்.

நாளும் டிக்கெட்டும்

ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக மூடியிருக்கும். அண்மை ஆண்டுகளில் புதன்கிழமையும் விடுமுறை. ஆகவே பயணத் திட்டத்தில் முதலில் இந்த நாளைக் குறித்துவிட்டு, மலையேற்றத்தையும் கடற்கரையையும் அதைச் சுற்றி அடுக்குங்கள்.

டிக்கெட்டில் பல படிகள் உண்டு. ஊர்களை மட்டும் பார்ப்பது ஒன்று, ஊர்களோடு மாலை விருந்தும் இரவுக் காட்சியும் சேர்ந்தது இன்னொன்று, தனி வழிகாட்டி கூடவே வருவது விலை உயர்ந்த மற்றொன்று. முதன்முறை போகிறவர்களுக்கு நடுப்படி போதும். தனி வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம், நீங்களே நேரம் பார்த்து நடக்கத் தயாராக இருந்தால் தேவைப்படாது. முட்டிவலி உள்ளவர்களுக்கும் கூட்டத்தில் திணறுபவர்களுக்கும் அது பயன்படும். இரவுக் காட்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்யுங்கள். விருந்து இடங்கள் கோடை விடுமுறையிலும் டிசம்பரிலும் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

போகும் வழி

வைக்கீக்கியிலிருந்து ஏறக்குறைய 55 முதல் 60 கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரம், நெரிசல் இருந்தால் ஒன்றரை. மலையைக் குடைந்து போகும் லிக்கெலிக்கே அல்லது பாலி சாலையில் ஏறி, காற்று வீசும் பக்கத்தில் இறங்கி, பிறகு 83ஆம் எண் கமேஹமேஹா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் போதும். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் மடிப்பு மடிப்பாகச் செங்குத்தாக நிற்கும் கூலாவ் மலைத்தொடர். ஓவாஹுவின் மிக அழகான சாலை இதுதான்.

கார் ஓட்ட விருப்பமில்லாதவர்கள் மையத்தின் பேருந்தையே டிக்கெட்டோடு சேர்த்துப் பதிவு செய்யலாம். அலா மோவானா வணிக வளாகத்திலிருந்து 60ஆம் எண் நகரப் பேருந்தும் இந்த வழியே போகிறது. செலவு மிகக் குறைவு, ஆனால் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். இரவுக் காட்சி முடிந்த பிறகு அதையே நம்புவதானால் கடைசிப் பேருந்து நேரத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

ஊர்கள் பகல் பன்னிரண்டரை மணி வாக்கில்தான் திறக்கும். எனவே காலை நேரத்தை வழியில் செலவிடலாம். ஜப்பானியர் ஹவாயில் குடியேறிய நூறாவது ஆண்டு நினைவாக 1968இல் கட்டப்பட்ட பியோதோ-இன் கோயில் வழியிலேயே இருக்கிறது. அதைத் தாண்டிக் குவாலோவா பூங்காவில் வண்டியை நிறுத்தினால், கடலுக்குள் கூம்பாக நிற்கும் மோக்கோலியி என்ற குட்டித் தீவைப் பார்க்கலாம். மையத்தின் வாசலில் இருக்கும் ஹூக்கிலாவ் சந்தைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பன்னிரண்டு மணிக்கு அங்கே லேசாகச் சாப்பிட்டுவிட்டு, கதவு திறக்கும்போது வரிசையில் நில்லுங்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும்

லாயியே மழை பெய்யும் பக்கம். வெயில் அடிக்கும்போதே பத்து நிமிடத் தூறல் வந்து போகும். மடிக்கக்கூடிய மழைக்கோட்டு, இரவுக்கு ஒரு மெல்லிய மேலாடை, நடக்க வசதியான செருப்பு போதும். வெயில் களிம்பை ஊரிலிருந்து கொண்டுவருகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: பவளப்பாறைகளுக்குக் கேடு என்பதால் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் கலந்த களிம்புகளின் விற்பனையை ஹவாய் மாநிலம் 2021 ஜனவரி முதல் தடைசெய்திருக்கிறது. அவை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

மலர்மாலையான லேயி போட்டு வரவேற்றால் தலையைக் குனிந்து ஏற்றுக்கொள்ளுங்கள். கொடுத்தவர் கண்முன்னே கழற்றுவது அவமதிப்பு. கருவுற்ற பெண்களுக்கு முனை மூடிய மாலையைப் போடாமல் இரு முனையும் திறந்த மாலையைப் போடுவது அங்குள்ள மரபு. கர்ப்பமாக இருந்தால் தயங்காமல் சொல்லலாம். வாடிய லேயியைக் குப்பைத் தொட்டியில் எறியக் கூடாது. நூலை உருவிவிட்டுப் பூக்களை மண்ணில் போடுங்கள், அல்லது மரத்தில் தொங்கவிடுங்கள். காதில் பூ வைத்துக்கொள்வதாக இருந்தால், மணமானவர்களுக்கு இடக்காது, துணை தேடுகிறவர்களுக்கு வலக்காது.

ஆறு ஊர்களில் மூன்று போதும்

நுழைவாயிலில் தரும் வரைபடத்தில் ஒவ்வொரு ஊரின் நிகழ்ச்சி நேரமும் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரைமணி நேரம். கணக்குப் போட்டு ஆறையும் ஓடி ஓடிப் பார்த்துவிடலாம் என்றுதான் தோன்றும். அப்படிப் பார்த்தால் மாலையில் எந்த நடனம் எந்தத் தீவுடையது என்பதே குழம்பிவிடும். மூன்று ஊர்களை நிதானமாகப் பாருங்கள். மீதி மூன்றைக் காயலில் போகும் தோணியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். தோணிச் சவாரி டிக்கெட்டிலேயே அடங்கும்.

சமோவாவை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் கூச்சத்தை உடைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். உலர்ந்த குச்சியை மரத்துண்டில் தேய்த்துத் தீ மூட்டுவதையும், வெறுங்காலோடு தென்னை மரம் ஏறுவதையும் செய்துகாட்டுவார்கள். தேங்காயைக் கல்லால் தட்டிச் சரிபாதியாக உடைத்து, மணை மீது உட்கார்ந்து அதன் நுனியில் துருவுவதைப் பார்த்தால், நம் வீட்டுத் துருவுமனையைக் கடல் கடந்து கண்டதுபோல் இருக்கும். துருவலை நார்க் கற்றையில் வைத்துப் பிழிந்து பால் எடுக்கிறார்கள். சுவரே இல்லாத அவர்களுடைய வீடான ஃபாலேயின் தூண்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் உட்காருங்கள். காற்றை உள்ளே விடுவதற்காகவே கட்டப்பட்ட வீடு அது.

அடுத்து ஹவாய். போகிற தீவின் சொந்த மக்களைப் பற்றித் தெரியாமல் திரும்புவது முறையல்ல. இங்கே சேப்பங்கிழங்கை வேகவைத்துக் கல்லால் இடித்துப் போயி என்ற களி செய்து காட்டுவார்கள். ஹவாயர் மரபில் இந்தக் கிழங்குச் செடி மனிதனுக்கு அண்ணன். வாக்கேயா என்ற வானத் தந்தைக்குப் பிறந்த முதல் குழந்தை உயிரற்றுப் பிறக்க, அதைப் புதைத்த இடத்தில் முளைத்தது சேம்பு. இரண்டாவதாகப் பிறந்தவன் ஹாலோவா, மனித குலத்தின் முன்னோன். அதனால்தான் போயிக் கிண்ணம் திறந்திருக்கும்போது வீட்டில் சண்டை போடக் கூடாது என்பது வழக்கம். தம்பதியராக வருகிறவர்கள் இதை ஊருக்கு எடுத்துப் போகலாம்.

ஹூலாவையும் இங்கே பொறுமையாகக் கவனியுங்கள். ஓதலுக்கும் சுரைக்குடுக்கைத் தாளத்துக்கும் ஆடுவது பழைய வகையான கஹிக்கோ. கிட்டாரும், உக்குலேலே என்ற நான்கு நரம்புச் சிறு கிட்டாரும் சேர்ந்தது பின்னர் வந்த அவ்வானா. கிறிஸ்தவ சமயத்தை ஏற்ற அரசி காஹுமனு 1830இல் பொது இடங்களில் ஹூலா ஆடத் தடை விதித்தார். 1883இல் தன் முடிசூட்டு விழாவில் மன்னர் கலாக்காவா அதை மீண்டும் வெளிப்படையாக ஆடவைத்தார். பத்தே ஆண்டுகளில், 1893இல், அவருடைய தங்கை அரசி லிலியுவோக்கலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. சுற்றுலா விளம்பரங்களில் இந்த வரலாறு வராது. அதை அறிந்துகொண்டு பார்த்தால் கையசைவுகளின் கனம் கூடும்.

இதே ஊரில் இரட்டை உடல் கொண்ட யோசேப்பா என்ற மரக்கலம் நிற்கிறது. 57 அடி நீளம், 2001இல் லாயியேயிலேயே செதுக்கப்பட்டது, மரம் ஃபிஜியிலிருந்து வந்தது. விண்மீன், அலை, பறவை இவற்றை மட்டும் கொண்டு கடலைக் கடந்த கலை ஏறக்குறைய அழிந்துபோயிருந்தது. 1976இல் ஹொக்குலேயா என்ற மரக்கலம் கருவி எதுவும் இல்லாமல் ஹவாயிலிருந்து டஹிட்டி வரை போய்ச் சேர்ந்தது. அதை வழிநடத்திய மாவ் பியாயிலுக், மேற்குப் பசிபிக்கின் மைக்ரோனீசியத் தீவுக்கூட்டத்தில் இருக்கும் சத்தவால் என்ற சின்னஞ்சிறு தீவைச் சேர்ந்தவர். ஹவாயில் அப்போது அந்த வித்தை தெரிந்தவர் யாரும் மிஞ்சியிருக்கவில்லை. யோசேப்பாவின் அருகே இருப்பவரிடம் விண்மீன் திசைகாட்டியைப் பற்றிக் கேளுங்கள், விளக்கச் சொல்லுங்கள். மையத்தில் மிகக் குறைவான கூட்டம் நிற்கும் இடமும் இதுதான், எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

மூன்றாவதாக அவ்தேயரோவா. மாவோரிகளின் செதுக்கு வேலை நிறைந்த கூட்டவீட்டை உடலாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். கூரையின் நடுவிட்டம் முன்னோரின் முதுகெலும்பு, சாய்ந்த மரங்கள் விலா எலும்புகள், சுவரில் செதுக்கிய உருவங்கள் மூதாதையர். செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். காலை ஓங்கி மிதித்து முழங்கும் ஹாக்கா என்ற ஆட்டத்தை ஆடும்போது சிரிப்பதும் நாக்கை நீட்டிக் கேலியாகப் படம் எடுப்பதும் வேண்டாம். அதை வரவேற்பிலும் ஆடுகிறார்கள், இறுதிச் சடங்கிலும் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் கணவன் மனைவி எதிரெதிரே உட்கார்ந்து ஆடக்கூடிய குச்சி விளையாட்டு ஒன்று உண்டு. தாளத்துக்கு ஏற்பக் குச்சிகளை ஒருவருக்கொருவர் வீசிப் பிடிக்க வேண்டும். ஒருவர் வேகம் காட்டினால் மற்றவர் குச்சி கீழே விழும். கற்றுக்கொடுப்பவர் இருந்தால் விடாதீர்கள்.

மற்ற மூன்றில், ஆரவாரம் பிடிக்கும் என்றால் டோங்காவின் முரசு. பார்வையாளர்களிலிருந்து ஆண்களை மேடைக்கு அழைப்பார்கள். உங்கள் கணவரைக் கூப்பிட்டால் மேடைப் பக்கம் தள்ளிவிடுங்கள். டோங்காவில் இன்றும் மன்னராட்சி நடக்கிறது. காகித மல்பெரி மரப்பட்டையை அடித்து அடித்துத் துணியாக்கும் வேலையையும் அங்கே பார்க்கலாம். டஹிட்டியில் இடுப்பை வேகமாக அசைக்கும் ஓத்தேயா நடனம். ஆண்களுக்கு முழங்காலைக் கத்தரிபோல் திறந்து மூடும் அசைவு, பெண்களுக்கு இடுப்பசைவு. இருவரும் சேர்ந்து வகுப்பில் நிற்கலாம்.

ஃபிஜியில் உயர்ந்து நிற்கும் கூரைக் கோயிலையும், மூங்கில் குழாய்களைத் தரையில் குத்தி எழுப்பும் தாளத்தையும் பாருங்கள். மக்கள்கூட்ட வகைப்பாட்டில் ஃபிஜி பாலினீசியாவை அல்ல, அதற்கு மேற்கே இருக்கும் மெலனீசியா என்ற தீவுத் தொகுதியைச் சேர்ந்தது. டோங்கா, சமோவாவோடு நெடுங்காலமாக இருந்த உறவால் இங்கே இடம்பெறுகிறது. இந்த ஊர் காட்டுவது ஃபிஜியின் பூர்வகுடிகளின் வாழ்க்கையை மட்டுமே. 1879 முதல் 1916 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களில், 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழர்களும் உண்டு. ஃபிஜியின் நாடி நகரில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் வழிபடும் சிவசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. மையத்தின் இந்த ஊரில் வேலை செய்யும் ஃபிஜி மாணவரிடம் நாடியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப்பாருங்கள்.

பிற்பகலில் காயலில் தோணிகள் மீது ஆடிக்கொண்டே வரும் ஊர்வலம் ஒன்று உண்டு. கால்மணி நேரம் முன்பே கரையில், நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள்.

இன்னொன்று: நாள் முழுக்க இருவரும் ஒட்டியே நடக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் ஓலை முடையவும் மற்றவர் உக்குலேலே பழகவும் விரும்பினால், ஒரு மணி நேரம் பிரிந்துபோய்ப் பாலத்தருகே சந்தியுங்கள். மாலைச் சாப்பாட்டில் பேச விஷயம் கிடைக்கும்.

விருந்து

லுவாவ் என்ற விருந்தில் பன்றியை முழுதாக மண்ணடுப்பில் வைத்து வேகவைப்பார்கள். குழியில் நெருப்பிட்டுக் கற்களைச் சூடாக்கி, வாழைத்தண்டும் இலைகளும் பரப்பி, மூடிவைத்துப் பல மணி நேரம் விட்டுவிடும் முறை அது. அடுப்பைத் திறந்து பன்றியை எடுப்பதை ஒரு சடங்காக எல்லோர் முன்னும் செய்வதுண்டு. சைவ உணவுக்காரர்களுக்கும் பன்றி உண்ணாதவர்களுக்கும் அது உறுத்தலாம் என்பதால் முன்பே சொல்லிவைக்கிறேன். சடங்கு முடிந்தபின் வந்து அமர்ந்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சைவருக்கு என்ன கிடைக்கும்? போயி, வேகவைத்த கிழங்குகள், சோறு, பழங்கள், சாலட், தேங்காய்ப்பாலில் செய்து சதுரமாக வெட்டிய ஹவ்பியா. லோமி சால்மன் என்பது தக்காளி வெங்காயத்தோடு பிசைந்த உப்பு மீன், பார்க்கச் சாலட் போலவே இருக்கும். கீரை போலத் தெரியும் சேம்பு இலைப் பொதிக்குள்ளும் இறைச்சி இருக்கலாம். பரிமாறுபவரிடம் ஒவ்வொன்றையும் கேட்டு எடுங்கள். டிக்கெட் பதியும்போதே சைவம் என்று குறிப்பிட்டுவிட்டால் இன்னும் நல்லது. போயியைத் தனியாகச் சுவைத்து முகம் சுளிக்க வேண்டாம். புளிப்பேறிய அந்தக் களி உப்பான பதார்த்தத்தோடு சேர்த்துச் சாப்பிடுவதற்கு உரியது. மது கிடையாது, வளாகம் முழுவதும்.

இரவுக் காட்சி

“ஹா” என்ற பெயரில் 2009 முதல் நடக்கும் மேடை நிகழ்ச்சி இது. மானா என்ற ஒருவனின் பிறப்பு, வளர்ச்சி, காதல், இழப்பு எல்லாவற்றையும் பல தீவுகளின் நடனங்கள் வழியே சொல்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பகலில் உங்களோடு பேசிய மாணவரை மேடையில் அடையாளம் காணும்போது, யாரோ தெரிந்தவர் ஆடுவதைப் பார்க்கும் நெருக்கம் வரும். சமோவாவின் தீக்கத்தி நடனத்துக்கு அரங்கமே மூச்சடக்கி உட்காரும். போர்வீரர்களின் கத்தி வீச்சு பழையது. அதன் முனைகளில் தீயைச் சேர்த்தவர் ஃப்ரெடி லெத்துலி என்ற சமோவாக் கலைஞர், 1946இல், சான் பிரான்சிஸ்கோவில். 1993 முதல் இதற்கான உலகப் போட்டி இதே மையத்தில் நடக்கிறது. மே மாதம் வருபவர்கள் அந்தத் தேதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

முன்வரிசைக்கு அதிகப் பணம் தர வேண்டாம். மேடை அகலமானது, நடுவில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால்தான் முழுதும் தெரியும். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

திரும்பும் வழி

காட்சி முடிய ஒன்பது மணி வாக்கில் ஆகும். கமேஹமேஹா நெடுஞ்சாலை இருவழிச் சாலை, கடலோரமாக வளைந்து போகும், பல இடங்களில் விளக்கு கிடையாது. அரங்கிலிருந்து எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் கிளம்பும் என்பதால், சந்தைப் பக்கம் கால்மணி நேரம் நடந்துவிட்டுப் புறப்படுங்கள். பெட்ரோலைப் பகலிலேயே நிரப்பிவிடுங்கள்.

களைப்பாக இருந்தால் மையத்தை ஒட்டியே ஒரு ஹோட்டல் இருக்கிறது. இரவு தங்கி, காலையில் லாயியே முனையில் அலை மோதித் துளைத்த பாறையைப் பார்த்துவிட்டு, வடகரை வழியாகச் சுற்றிப் போகலாம். அப்படித் திட்டமிட்டால் சனிக்கிழமையைத் தவிர்த்து வெள்ளிக்கிழமை வாருங்கள். ஞாயிறன்று லாயியேயில் மளிகைக்கடை உட்படப் பெரும்பாலும் அடைப்பு. காலைச் சாப்பாட்டுக்கே கஹூக்கூ பக்கமோ ஹலேய்வாவுக்கோ வண்டியை எடுக்க வேண்டியிருக்கும்.